பேய்க்கும் ஒரு கட்டு உண்டு

எங்கள் அப்பத்தாவுக்கு ராத்திரி பேய் சீரியல் என்றால் உயிர். சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தது. "போன வாரம் வாசப்படியில திருநீறு போட்டிருக்குன்னு உள்ள வர முடியாம அழுதுச்சு. இன்னைக்கு அடுப்படியில நின்னு மிக்ஸியப் போடுது. எந்த வழியா வந்துச்சாம்?" பக்கத்தில் இருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். "ஏன் ஆத்தா, பேய் சீரியல்ல போய் லாஜிக் பார்க்குற?"

அப்பத்தா கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்கு அப்போதே பட்டது. அதற்குப் பேய் உண்டா இல்லையா என்ற சந்தேகமெல்லாம் கிடையாது, சீரியலில் பேய் வந்ததில் அதற்குப் புகாரும் இல்லை. திருநீற்றைத் தாண்ட முடியாது என்று சொன்னவர்களே ஒரு வாரத்தில் தாண்ட வைத்துவிட்டார்கள், அதுதான் புகார். "லாஜிக் இடிக்குது" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் இரண்டு வேறு வேறு சங்கதி இருக்கிறது. ஒன்று, நம் உலகத்து லாஜிக்: செத்தவர் திரும்பி வர மாட்டார், பொம்மை பேசாது, நரி மலையுச்சியிலிருந்து விழுந்தால் மறுபடி எழுந்து வராது. இன்னொன்று, கதைக்குள் இருக்கிற லாஜிக்: இந்தக் கதையில் செத்தவர் வரலாம், ஆனால் இன்ன நாளில், இன்ன வழியாகத்தான் வரலாம். முதலாவதை நாம் செருப்பைப் போல வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கதைக்குள் போகிறோம். இரண்டாவதை இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டோம், குழந்தைகள் சுத்தமாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்த இரண்டாவதற்கு நான் வைத்திருக்கிற பெயர் கட்டு. மந்திரவாதி எல்லைக்கட்டு போடுவார், பேயைக் கட்டிவைப்பார் என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கட்டுதான். அனிமேஷன் படமோ அமானுஷ்யத் தொடரோ, எதை எடுத்தாலும் இந்த உலகத்தில் எது முடியும், எது முடியாது, முடிகிற காரியத்துக்கு என்ன விலை என்று மூன்றுக்கும் ஒரு பதில் இருக்கும். அதை வாயால் சொல்லியிருப்பார்கள், அல்லது காட்டியிருப்பார்கள். அந்தப் பதில்தான் அந்தக் கதையின் கட்டு. படம் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்குமேல் அடுத்தபடியாகப் பேசத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு போனால் தூக்குவாளிக்குள் ஒரு துண்டு அடுப்புக்கரியைப் போட்டுத்தான் அப்பத்தா அனுப்பும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது. நடுச்சாமத்தில் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடும்வரை பதில் கொடுக்கக்கூடாது. கரி இருந்தால் பேய் வராது, மூன்று முறை கூப்பிட அதற்கு அதிகாரம் இல்லை, எவ்வளவு சுத்தமான சட்டம் பாருங்கள். கர்நாடகத்தில் ராத்திரி கதவைத் தட்டும் பேய்க்குப் பயந்து வீட்டு வாசலில் "நாளே பா", அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைத்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். பேய் வரும், படிக்கும், சரி நாளைக்கு வருவோம் என்று திரும்பிப் போய்விடும், மறுநாளும் அதே எழுத்து நிற்கும். அந்தப் பேய்க்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும், வாசித்ததை மதிக்கவும் தெரியும் என்பது அந்தக் கதையின் கட்டு. ஒரே ஒரு ராத்திரி அது எழுத்தை மதிக்காமல் உள்ளே வந்துவிட்டால் கதை செத்தது.

கட்டை வைத்தே நாள் கணக்கில் தொடர் ஓட்டுவதற்கு நம்மிடம் இருக்கிற பழைய உதாரணம் விக்கிரமாதித்தனும் வேதாளமும். வேதாளத்தைத் தோளில் சுமந்து போகிற ராஜா வாயைத் திறந்தால் அது முருங்கை மரத்துக்கே பறந்துவிடும். ஆனால் கதை முடிவில் அது கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவன் தலை சுக்குநூறாக வெடிக்கும். இரண்டே விதி, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்கிற இரண்டு விதி, அதற்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டே இருக்கிறவரை அவனுக்கு விடுதலை கிடையாது. மூலக்கதையில் 24 முறை இப்படியே போய்வருகிறான், கடைசிக் கதைக்கு அவனுக்கே பதில் தெரியவில்லை, அதனால் பேசாமல் இருக்கிறான், அதனால்தான் சுற்று முடிகிறது. புதிய மந்திரமோ வானத்திலிருந்து வந்த உதவியோ இல்லாமல், முதல் நாள் போட்ட கட்டுக்குள்ளேயே முடிச்சு அவிழ்கிறது. 1985இல் ராமானந்த் சாகர் இதைத் தூர்தர்ஷனில் இந்தித் தொடராக எடுத்தார், அம்புலிமாமாவில் பல தலைமுறை இதைப் படித்தது. வாரம் ஒரு பேய் என்று அமெரிக்கத் தொடர்கள் செய்கிற வேலையை இந்த முருங்கை மரம் எப்போதோ செய்துவிட்டது.

இப்போது கார்ட்டூனுக்கு வருவோம். அங்கே எது வேண்டுமானாலும் நடக்கும், அதனால் கட்டே கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ரோட் ரன்னர் பார்த்திருப்பீர்கள், 1949இல் சக் ஜோன்ஸ் தொடங்கியது, அந்தப் பறவையைத் துரத்தும் கயோட்டி என்ற ஓநாய் ஜாதி மிருகம் மலையுச்சியைத் தாண்டி அந்தரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே பார்க்கும்வரை விழாது. பார்த்ததும் ஒரு நொடி நம்மைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விழும். நம் ஊர் புவியீர்ப்பு இல்லை அது, ஆனால் அது ஒரு புவியீர்ப்புதான்: தெரியாதவரை வேலை செய்யாது, தெரிந்துவிட்டால் வேலை செய்யும். அதேபோல பாறையில் கயோட்டி சுரங்கப்பாதை மாதிரி ஓவியம் வரைந்துவைத்தால் பறவை அதற்குள் ஓடிப்போய்விடும், பின்னால் வரும் கயோட்டி பாறையில் முட்டி அப்பளமாகும். ஆறு வயசுக் குழந்தை இதற்கு முன்கூட்டியே சிரிக்கிறது என்றால் விதி அதற்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். விதி தெரியாமல் எதிர்பார்ப்பு வராது, எதிர்பார்ப்பு இல்லாமல் சிரிப்பும் வராது, பயமும் வராது.

அனிமேஷனில் கட்டு கூடுதல் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணப் படத்தில் ஒருவர் தம்ளரைத் தவறவிட்டால் அது தானாகக் கீழே விழும், புவியீர்ப்பு இலவசம். அனிமேஷனில் தம்ளர் விழுவதையும் யாரோ உட்கார்ந்து வரைந்தாக வேண்டும், எவ்வளவு வேகமாக விழுகிறது, உடைகிறதா துள்ளுகிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். இலவசமாக எதுவும் வராத உலகம் அது. "லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" எழுதிய டோல்கீன் தேவதைக் கதைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைச் சொன்னார்: பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தெரிகிற ஓர் உலகத்தை உருவாக்குவதுதான் கடினம். வெளிச்சம் பச்சை என்றால் இலை என்ன நிறத்தில் தெரியும், நிழல் எப்படி விழும் என்று யோசித்தாக வேண்டுமல்லவா. யோசித்தவர் படம் நிற்கிறது, யோசிக்காதவர் படத்தில் நாம் கொட்டாவி விடுகிறோம், ஏன் கொட்டாவி வந்தது என்று நமக்கே தெரியாது.

கட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரே படத்தில் பார்க்க வேண்டுமானால் நான் "கோகோ"வைத்தான் சொல்வேன். பிக்சார் 2017இல் எடுத்தது, கதை மெக்சிகோவில், செத்தவர்களை நினைத்து வீட்டில் படையல் வைக்கிற நாளில் நடக்கிறது. (நம் ஆடி அமாவாசைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், ஆனால் அங்கே அழுகையைவிடப் பாட்டும் பூவும்தான் அதிகம்.) படத்தின் கட்டு இதுதான்: படையலில் உன் போட்டோ இருந்தால் அந்த ஒரு ராத்திரி மட்டும் நீ செண்டுமல்லி இதழ்ப் பாலம் தாண்டி வீட்டுக்கு வரலாம். போட்டோ இல்லையென்றால் வர முடியாது. உயிரோடு இருப்பவர்களில் உன்னை நினைக்கிற கடைசி ஆளும் மறந்துவிட்டால், செத்தவர் உலகத்திலிருந்தும் காணாமல் போவாய்.

இதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள் பாருங்கள். பாலத்துக்கு முன்னால் ஏர்போர்ட் மாதிரி ஒரு சோதனைச் சாவடி. எலும்புக்கூடுகள் வரிசையில் நிற்கின்றன, ஒரு மெஷின் முகத்தைப் பார்த்துவிட்டு படையலில் போட்டோ இருக்கிறது, போகலாம் என்கிறது. ஹெக்டர் என்கிற ஆள் ஓவியர் ஃப்ரீடா காலோ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான், மாட்டிக்கொள்கிறான், காவலரை ஏமாற்றிவிட்டுப் பாலத்தில் ஓடுகிறான். மற்றவர்கள் நடந்துபோன அதே பூவிதழ்கள் அவன் காலைத் தாங்காமல் சேறு போல உள்வாங்குகின்றன. யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, விதி நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் இமெல்டா என்ற எள்ளுப்பாட்டியும் அதே விதியில் மாட்டுகிறாள், ஏனென்றால் அவள் போட்டோவை உயிரோடு இருக்கிற எள்ளுப்பேரன் மிகேல் படையலிலிருந்து எடுத்துவிட்டான். கிழவி செருப்பைக் கழற்றி அங்கே ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டரை அடிக்கிறாள். ஏமாற்றுக்காரனுக்கும் பத்தினிக்கும் ஒரே சட்டம் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது, இனிமேல் யாருக்கும் சலுகை கிடையாது என்ற பயமும் வந்துவிடுகிறது.

முடிவை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாவிவிடுங்கள்.

கடைசியில் ஹெக்டர் மறக்கப்படுகிற தறுவாயில் இருக்கிறான், அவனை நினைக்கிற ஒரே ஜீவன் அவன் மகள் கோகோ, மிகேலின் கொள்ளுப்பாட்டி, அவளோ ஞாபகம் எல்லாம் உதிர்ந்துபோன கிழவி. மிகேல் அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் அப்பா அவளுக்காகச் செய்த பாட்டைப் பாடுகிறான். அவள் விரல் அசைகிறது, பிறகு உதடு, பிறகு குரல். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து, குடும்பப் படத்திலிருந்து கிழித்தெடுக்கப்பட்ட அப்பா முகத்தை எடுத்துக் கொடுக்கிறாள், அத்தனை வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். பாட்டு ஞாபகத்தைக் காப்பாற்றுகிறது, கிழிந்த துண்டு போட்டோ விதியை நிறைவேற்றுகிறது. கட்டு இரண்டு, சாவியும் இரண்டு. தியேட்டரில் அழாதவர் குறைவு என்பார்கள், சோகப் பாட்டு என்பதால் அழுகிறோம் என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் அது பாதிதான். ஒன்றரை மணி நேரமாக அந்தச் சட்டம் யாருக்கும் வளையவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தோமே, அந்தப் பயம் சட்டென்று இறங்குகிறது, அதனால்தான் அப்படி அழுகிறோம்.

அக்கா மகளோடு இதைப் பார்த்தேன், அவளுக்கு எட்டு வயசு. படம் முடிந்ததும் அவள் கேட்டது: "மாமா, போட்டோ கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி செத்தவங்க எப்படி வருவாங்க?" நான் திருதிருவென்று முழித்தேன். ஓவியம் வைத்திருப்பார்களோ என்னவோ, படம் அதைச் சொல்லவில்லை. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சொல்லாமல் விட்டது வேறு, சொன்னதை மீறியது வேறு. போட்டோவுக்கு முந்தைய ஆவிகளைப் பற்றிப் படம் வாயே திறக்கவில்லை, அதனால் அது ஓட்டை இல்லை, வெற்றிடம். வெற்றிடத்தைப் பார்வையாளர் தானே நிரப்பிக்கொள்வார், அதில் ஒரு சுகமும் உண்டு. அப்பத்தாவின் பேய் மிக்ஸி போட்டது வெற்றிடம் இல்லை, மீறல். இணையத்தில் "இந்தப் படத்தில் 30 தவறுகள்" என்று அடுக்குகிற வீடியோக்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன.

ஜப்பான் பக்கம் போனால் கட்டு கொஞ்சம் வேறு மாதிரி. ஹயாவோ மியாசாகியின் "ஸ்பிரிட்டட் அவே" (2001, பெர்லினில் தங்கக் கரடியும் பிறகு ஆஸ்கரும் வாங்கியது) முழுக்க முழுக்க விதிகளால் ஆன படம், ஆனால் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. சிஹிரோ என்ற பத்து வயசுப் பெண் அப்பா அம்மாவோடு ஆள் இல்லாத ஒரு ஊருக்குள் வழிதவறிப் போகிறாள். கடையில் கேட்பாரற்று இருந்த சாப்பாட்டை எடுத்துத் தின்ற பெற்றோர் பன்றியாகிறார்கள். இருட்டியதும் அவள் உடம்பு கண்ணாடி மாதிரி மறையத் தொடங்குகிறது, அந்த உலகத்துச் சாப்பாடு எதையாவது தின்றால்தான் நிலைக்கும். தின்றதால் கெட்டவர்கள் இரண்டு பேர், தின்னாததால் கெடப் பார்த்தவள் ஒருத்தி. பாலத்தைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொள், விட்டால் மனுஷி என்று தெரிந்துவிடும் என்கிறான் அவளுக்கு உதவ வரும் ஹாகு என்ற பையன். அவள் கன்னம் உப்ப அடக்கிக்கொண்டு நடக்கிறாள், கிட்டத்தட்ட முடித்தும்விட்டாள், அப்போது ஒரு தவளை எதிரே துள்ளி வர, "ஹா" என்று மூச்சு விட்டுவிடுகிறாள். அந்தப் பாலத்தில் நானும் மூச்சை அடக்கியிருக்கிறேன், நாலாவது முறை பார்க்கும்போதும்.

பாலத்துக்கு அப்பால் ஆவிகள் வந்து குளிக்கிற ஒரு விடுதி, அதை நடத்தும் சூனியக்காரி யுபாபா எல்லாம் வல்லவள் மாதிரித் தெரிகிறாள், ஆனால் அவளுக்கும் கட்டு உண்டு: வேலை கேட்டு வருகிற யாருக்கும் வேலை இல்லை என்று சொல்லக்கூடாது, சத்தியம் செய்துவிட்டாள். அதனால் மிரட்டுகிறாள், கேட்கவிடாமல் வாயைப் பூட்டுகிறாள், எல்லாம் செய்கிறாள், கேட்ட பிறகு மறுக்க மட்டும் முடியவில்லை. பதிலுக்கு அவள் எடுத்துக்கொள்வது பெயரை. ஒப்பந்தத்தில் சிஹிரோ எழுதிய பெயரிலிருந்து எழுத்துகள் காற்றில் எழும்பி அவள் கைக்குள் போய்விடுகின்றன, மிச்சம் இருக்கும் ஓர் எழுத்தை வைத்து இனி நீ சென் என்கிறாள். பழைய பெயரை மறந்தால் திரும்பிப் போக வழி இல்லை. ஹாகு அப்படி மறந்தவன். அவன் பெயரைச் சிஹிரோவே கண்டுபிடித்துத் தருகிறாள், சின்ன வயசில் அவள் விழுந்த ஆற்றின் பெயர் அது, இப்போது அந்த ஆற்றை மூடி அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். கடைசியில், சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்காதே. அப்பத்தா சொன்ன அதே விதி!

இவ்வளவு கட்டோடு வந்த படத்தில் எனக்கு இன்னும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. வரிசையாகப் பன்றிகளை நிறுத்தி, இதில் உன் அப்பா அம்மா யார் என்று கேட்கிறாள் யுபாபா. இதில் இல்லை என்று சிஹிரோ சரியாகச் சொல்லிவிடுகிறாள். எப்படித் தெரிந்தது? அவள் வளர்ந்துவிட்டாள், இனி ஏமாற மாட்டாள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிறேன், இரண்டு மணி நேரம் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தவரிடம் கடைசி எட்டணாவுக்குச் சண்டை போட முடியுமா.

படத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி, அதற்குள் கட்டைப் போட்டு, இறுக்கி, அவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். தொடருக்கு அது இல்லை. தொடர் எப்போது முடியும் என்று பல நேரம் அதை எழுதுகிறவருக்கே தெரியாது, ஓடுகிறவரை ஓட்டு என்பார்கள். நான் இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அமானுஷ்யத் தொடர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் கற்பனை வறண்டதால் இல்லை. நீளம்தான் கட்டைத் தின்கிறது.

முதலில் நன்றாகச் சமாளித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பஃபி த வாம்பயர் ஸ்லேயர்", 1997 முதல் 2003 வரை, ஏழு சீசன், 144 எபிசோடு. ரத்தக்காட்டேரிகளுக்கு வழக்கமான கட்டு: வெயில் ஆகாது, மரக்குச்சியை இதயத்தில் இறக்கினால் தூளாகிவிடும், வீட்டுக்காரர் உள்ளே வா என்று ஒரு முறை அழைக்காமல் வாசல் தாண்ட முடியாது. இவர்களை வேட்டையாட ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பெண், அவள் செத்தால்தான் அடுத்தவளுக்குச் சக்தி வரும். முதல் சீசன் முடிவில் பஃபி தண்ணீரில் மூழ்கிச் சாகிறாள், நண்பன் மூச்சு ஊதிப் பிழைக்கவைத்துவிடுகிறான். சரி, நாயகி பிழைத்தாள், சுபம் என்று நாம் மறந்துவிடுவோம். எழுதியவர்கள் மறக்கவில்லை. அடுத்த சீசனில் கெண்ட்ரா என்று இன்னொருத்தி வந்து நிற்கிறாள், நானும் வேட்டைக்காரிதான் என்கிறாள். ஒரு நிமிஷமாக இருந்தாலும் சாவு சாவுதானே, விதி அடுத்தவளை அழைத்துவிட்டது. அந்த எபிசோடு பார்த்த அன்று எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. கட்டை மீறாமல், அதன் சந்துக்குள் புகுந்து புதுக் கதையை எடுத்துவருவது என்றால் இதுதான். நரசிம்மர் கதை தெரிந்த நமக்கு இது புதிதா என்ன? பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மனிதனும் மிருகமும் கூடாது என்று வரம் வாங்கினவனை அந்திநேரத்தில், வாசல்படியில், சிங்கமுகத்தோடு வந்து முடித்தார். வரத்தில் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை. பஃபியின் கடைசி சீசனில், ஒருத்திக்கு மட்டும் சக்தி என்ற அந்த அடிப்படை விதியையே மாற்றுகிறார்கள். ஏழு வருஷம் அந்த விதியோடு வாழ்ந்த பிறகு, அதை மாற்றுவதே கதையின் முடிவு என்று வைத்ததால் அது மீறலாகத் தெரிவதில்லை.

இப்போது "சூப்பர்நேச்சுரல்". இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபமும் பாசமும் சேர்ந்து வரும். 2005இல் தொடங்கி 2020இல் முடிந்தது, 15 சீசன், 327 எபிசோடு. டீன், சாம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், 1967 மாடல் இம்பாலா காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பேய் பிடிக்கிறார்கள். முதல் சீசன்களின் கட்டு நம் அப்பத்தாவே போட்டது போல இருக்கும். வாசலிலும் ஜன்னலிலும் உப்புக்கோடு போட்டால் ஆவி தாண்டாது. இரும்பால் அடித்தால் கொஞ்ச நேரம் கலைந்துபோகும். அடியோடு ஒழிக்க வேண்டுமானால் எலும்பைத் தோண்டியெடுத்து உப்புப் போட்டு எரிக்க வேண்டும். அப்படியானால் எலும்பை ஏற்கெனவே எரித்துவிட்டவர் ஆவி? ஒரு கதையில் உடம்பு தகனமாகிவிட்டது, பேய் மட்டும் கொன்றுகொண்டே இருக்கிறது, தேடிப் பார்த்தால் பொம்மை ஒன்றின் தலையில் அவளுடைய நிஜத் தலைமுடி. உடம்பின் மிச்சம் அது ஒன்றுதான், எரிக்கிறார்கள், முடிந்தது. வாரா வாரம் இந்தத் துப்பறியும் வேலைதான் ருசியே. பேய்க்கு மருந்து நமக்கும் தெரியும், மருந்து எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

அதைவிட முக்கியம் விலை. தம்பி செத்ததும் டீன் நாற்சந்தியில் பிசாசோடு பேரம் பேசித் தன் ஆத்மாவை விற்கிறான். மற்றவர்களுக்குப் பத்து வருஷம் தவணை கொடுக்கிற பிசாசு இவனுக்கு ஒரே வருஷம்தான் கொடுக்கிறது. அடுத்த சீசன் முழுக்க அந்த ஒரு வருஷம் தலைக்குமேல் தொங்குகிறது, கடைசியில் ஏதாவது செய்து தப்பிவிடுவான் என்று நம்புகிறோம், தப்பவில்லை, நரகத்து நாய்கள் வந்து இழுத்துப்போகின்றன. தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து சீசனுக்குத்தான் கதையை யோசித்துவைத்திருந்தார், ஐந்தாவது முடிந்ததும் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் தொடர் விலகவில்லை, இன்னும் பத்து சீசன்!

பத்து சீசன் ஓட என்ன செய்வது? உப்புக்கோடு போட்டால் தீர்கிற பேயைக் காட்டிக்கொண்டே இருக்க முடியாது, அதனால் பெரிய எதிரி, அதைவிடப் பெரிய எதிரி, பிறகு கடவுளே எதிரி. எதிரி பெரிதானால் ஆயுதமும் பெரிதாக வேண்டும். ஆரம்பத்தில் கோல்ட் துப்பாக்கி என்று ஒன்று வரும், 13 தோட்டாதான், ஒவ்வொன்றையும் சுடுமுன் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போகப்போக எதையும் கொல்லும் கத்திகள் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள், எண்ணிக்கை என்ற பயமே போய்விட்டது. எல்லாவற்றையும்விட மோசம், சாவுக்கு இருந்த விலை போய்விட்டது. அண்ணன் சாகிறான், வருகிறான், தம்பி சாகிறான், வருகிறான், துணைக்கு வந்த தேவதூதன் காஸ்டியல் சாகிறான், வருகிறான். ஒரு கட்டத்தில் முக்கியமான ஆள் செத்துக்கிடக்கிற காட்சியில் நான் எழுந்துபோய் டீ போட்டேன். மூன்றாவது சீசனில் அழுத அதே நான்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கடைசி சீசனில் எழுத்தாளர்கள் இந்தக் குறையையே கதையாக்கப் பார்த்தார்கள். இத்தனை சாவும் மீட்சியும் கடவுள் தன் பொழுதுபோக்குக்காக எழுதிய கதை, அவன் அலுப்புக்கு இவர்கள் பலி என்று கொண்டுபோனார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் வட்டி கட்டிய மாதிரிதான் இருந்தது, அசல் அடையவில்லை. அந்தக் கடவுள் தோற்ற பிறகு வரும் இறுதி எபிசோடில் டீன் ஒரு சாதாரண வேட்டையில், தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி குத்திச் சாகிறான், இந்த முறை யாரும் கூட்டிவரவில்லை. இவ்வளவு பெரிய வீரனுக்கு இவ்வளவு அற்பச் சாவா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பல சீசன் கழித்து அந்த உலகத்தில் கம்பி குத்தினால் வலித்தது.

விதியே மாறக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இழுத்து நீட்டலாம், அறுக்கக்கூடாது, அவ்வளவுதான். "அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்" (நீல மனிதர்கள் வருகிற படம் இல்லை, 2005 முதல் 2008 வரை 61 எபிசோடு ஓடிய அனிமேஷன் தொடர்) இதற்கு நல்ல பாடம். நீர், நிலம், நெருப்பு, காற்று, அவதாரான நாயகன் ஆங்கைத் தவிர ஆளுக்கு ஒன்றைத்தான் ஆட்டிவைக்க முடியும். நிலத்தை ஆட்டுவிக்கும் டோஃப் என்ற பார்வையில்லாத சிறுமியை இரும்புப் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள், இரும்பை யாராலும் ஆட்ட முடியாது என்பது அதுவரை விதி. அவள் கையால் தட்டித் தடவிப் பார்க்கிறாள், இரும்புக்குள் சுத்திகரிக்காத மண்துகள் மிச்சம் இருப்பதை உணர்கிறாள், அதைப் பிடித்து இழுத்துப் பெட்டியைக் கிழிக்கிறாள். இரும்பு மண்ணிலிருந்து வந்ததுதானே, நமக்கு ஏன் தோன்றவில்லை என்று நாமே தலையில் தட்டிக்கொள்வோம். அதே தொடரின் முடிவில், கொல்ல மனம் வராத நாயகனுக்கு, எதிரியின் சக்தியை மட்டும் பறித்துவிடும் ஒரு புது வித்தையை ராட்சத ஆமைச்சிங்கம் ஒன்று கடைசி நேரத்தில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. எனக்கு மிகப் பிடித்த தொடர், இருந்தாலும் அது அறுத்ததுதான், நீட்டியதில்லை. டோஃப் உழைத்து வாங்கினாள், ஆங்குக்குத் தானமாகக் கிடைத்தது.

தமிழில் இதை யோசித்துச் செய்தது என்றால் எனக்கு இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம் ஞாபகம் வரும், அதிலும் 'விடாது கருப்பு'. குதிரையில் வந்து தண்டிப்பது சாமியா, ஆளா என்ற கேள்விதான் அதன் கட்டு, அந்தக் கேள்வியைப் பாதியில் தொலைக்காமல் முடிவுவரை கூட்டிப்போனார்கள். பல எபிசோடு ஓடினாலும் அதற்கு ஒரு முடிவு இருந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. முதலில் "கோகோ", வீட்டில் குழந்தை இருந்தால் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள், நாம் தவறவிடுவதை அதுகள் பிடிக்கும். அப்புறம் "ஸ்பிரிட்டட் அவே", பாலம் வரும்போது மூச்சைக் கவனியுங்கள். பஃபியின் முதல் சீசன் பழைய டிவி மாதிரி மங்கலாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினால் இரண்டாவதில் கெண்ட்ரா வருவாள். "சூப்பர்நேச்சுரல்" ஐந்து சீசன் பாருங்கள், ஐந்தாவதின் கடைசிக் காட்சியோடு டிவியை அணைத்துவிடுங்கள். ஆறாவதைத் தொடங்கினால் அது உங்கள் பாடு. நான் தொடங்கினேன், பதினைந்து வரைக்கும் பார்த்தேன், இடையில் எத்தனை டீ குடித்தேன் என்று கணக்கில்லை.